பாடியா? பாட்டியா?

எங்கள் தாத்தா ஜென்மத்தில் கோட்டு போட்டது கிடையாது. நாலு முழ வேட்டி, தோளில் ஒரு துண்டு, வெளியூர்க் கல்யாணம் என்றால் மேலே ஒரு சட்டை. அவ்வளவுதான். ஆனால் கும்பகோணம் வீட்டுக் கூடத்தில் சந்தன மாலைக்குள் இருக்கும் தாத்தா, கறுப்புக் கோட்டும் கோடு போட்ட டையுமாக ஹைகோர்ட் வக்கீல் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பார்.

காரணம் இதுதான். தாத்தா போன அன்றைக்கு வீடு முழுக்கத் தேடியும் அவர் தனியாக இருக்கிற படம் ஒன்றுகூட அகப்படவில்லை. கடைசியில் யாரோ தூரத்துச் சொந்தத்தின் கல்யாண க்ரூப் போட்டோவில், மூன்றாவது வரிசையில், வெற்றிலை மென்றுகொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தோம். ஸ்டூடியோக்காரர் தலையை மட்டும் கத்தரித்து, கைவசம் இருந்த ஒரு கோட்டின் மேல் ஒட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தார். தலை தாத்தாவுடையது. பாடி யாருடையதோ!

பாட்டிக்கு இப்போது 84. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அந்தப் படத்தைக் காட்டிச் சொன்னாள்: "இந்தக் கதி எனக்கு வேண்டாம்டா. நான் நல்லா இருக்கறப்பவே என்னை மாதிரியே ஒரு படம் எடுத்து வெச்சுடு."

உடனே செல்போனை எடுத்தேன். சமையலறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளை எடுத்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "யாருடா இந்தப் பொண்ணு?" என்றாள்.

போன், யாரையும் கேட்காமல் அவள் முகத்துச் சுருக்கத்தையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்திருந்தது. 84 வருஷம் பாடுபட்டுச் சேர்த்த சுருக்கம் சார்! அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தால், சமையலறை இருட்டில் பாட்டியும் கீரையும் சேர்ந்து ஒரே மசியல்.

ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்டேன். டி.எஸ்.எல்.ஆர். காமிரா வாங்குவது. பட்ஜெட் ரூ.30,000. மனைவி அனுமதித்தது அவ்வளவுதான்.

பேரைக் கேட்டு மிரள வேண்டாம். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு, மேலே ஏறி உங்கள் கண்ணுக்கு வருகிறது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி 'க்ளக்' என்று தூக்கிக்கொண்டு வழிவிட, வெளிச்சம் நேரே பின்னாலிருக்கும் சென்ஸாரில் போய் விழுகிறது. ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆரில் இந்த சென்ஸார் ஏறக்குறைய 24-க்கு 16 மில்லிமீட்டர். சாதாரண செல்போனில் இருப்பது சுண்டுவிரல் நகம் அளவுகூடத் தேறாது. மழைத் தண்ணி பிடிக்க அண்டா வைப்பதற்கும் டம்ளர் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

காமிரா வைத்திருக்கும் நாலு பேரிடம் யோசனை கேட்டேன். ஐந்து யோசனை கிடைத்தது. முதலாமவர் கேனான் கட்சி. இரண்டாமவர் நிக்கான் கட்சி. ரஜினி, கமல் ரசிகர்கள்கூட இவ்வளவு அடித்துக்கொண்டதில்லை. இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம், லென்ஸை ஒன்றில் இந்தப் பக்கமும் மற்றதில் அந்தப் பக்கமும் திருகிக் கழற்றவேண்டும் என்பதுதான். உங்கள் கைக்கு எது பாந்தமோ அதை வாங்கலாம். சொந்தக்காரர் யாராவது ஏற்கெனவே ஒரு கட்சியில் இருந்தால் அந்தக் கட்சியிலேயே சேர்வது உத்தமம். லென்ஸ் இரவல் கிடைக்கும்.

மூன்றாமவர், "செத்த மாட்டுக்கு விலை பேசறியே! இப்ப எல்லாம் மிர்ரர்லெஸ்தான்" என்றார். வாஸ்தவம். 2018-ல் கேனான், நிக்கான் இரண்டுமே கண்ணாடியில்லாத பெரிய காமிராக்களைக் கொண்டுவந்துவிட்டன. கேனானின் கடைசி உயர்ரக டி.எஸ்.எல்.ஆர். வந்தது 2020-ல். ஆனால் பி.காம். படித்தவன் புத்தி வேறு மாதிரி வேலை செய்யும். எல்லாரும் கண்ணாடியை விற்றுவிட்டுக் கண்ணாடியில்லாததற்கு ஓடினால், செகண்ட் ஹாண்டில் விலை இறங்கத்தானே வேண்டும்? போன வருஷம் நல்ல படம் எடுத்த காமிரா இந்த வருஷம் கெட்ட படம் எடுக்கப்போவதில்லை.

கடைக்காரர் மெகாபிக்ஸல் கணக்குச் சொன்னார். "24 இருக்கு சார்!" சுவரில் மாட்டும் 12-க்கு 8 அங்குலப் படத்துக்கு 6 மெகாபிக்ஸலே போதும். மீதி 18-ஐ வைத்துக்கொண்டு பாட்டியை பேனர் கட்டுவதாக எனக்கு உத்தேசமில்லை.

நடுவில் கண் ஆஸ்பத்திரிக்காகப் பாட்டி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் போனில் நண்பனிடம், "பாடி மட்டும் 16,000 சொல்றாங்கடா. அதிகம் அடிபடாத பாடிதான். நாளைக்குப் போய்ப் பார்த்து எடுத்துட்டு வந்துடலாமா?" என்று பேசிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது. "யாருடா போனது?"

நான்காமவர்தான் உருப்படியாகக் கேட்டார். "யாரை எடுக்கப் போறே? எங்கே வெச்சு?"

"பாட்டியை. சமையலறை வாசல்ல."

"அப்ப பாடிக்குக் கொட்டாதே. லென்ஸுக்குப் போடு."

காமிராவோடு வரும் 18-55 லென்ஸை முழுக்க இழுத்தால் அதன் திறப்பு எஃப் 5.6. தனியாக விற்கும் 50 மி.மீ. லென்ஸின் திறப்பு எஃப் 1.8. எண் சின்னதானால் ஓட்டை பெரிசு. இதில் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். முதல் லென்ஸ் ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் கேட்கிற இடத்தில், இதற்கு எண்பதில் ஒரு பங்கு போதும். எட்டில் ஒரு பங்கில் என் கையும் நடுங்கும், பாட்டி தலையும் ஆடும். எண்பதில் ஒன்றில் இரண்டும் மாட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. நிக்கானின் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 'ஏ.எஃப்.-டி' லென்ஸை வாங்கி மாட்டினால், கையால் திருகித் திருகித்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். 'ஏ.எஃப்.-எஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செகண்ட் ஹாண்ட் என்றால் பெண் பார்ப்பது போல ஏமாந்துவிடாமல் பார்க்கவேண்டும். லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் சிலந்தி வலை மாதிரி தெரிகிறதா? பூஞ்சை. கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் எடுத்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்ஸாரில் தூசு. ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கிறது என்றும் கேளுங்கள். ஆரம்பநிலைக் காமிராக்களுக்குப் பொதுவாக ஒரு லட்சம் வரை ஆயுள் சொல்வார்கள். அது ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி.

கடைசியில் என் கணக்கு: 18-55 லென்ஸோடு பழைய பாடி 20,000. பழைய 50 மி.மீ. 6,000. மெமரி கார்டு, பாட்டரி, பை எல்லாம் 3,500. மீதி 500-ல் சிலிகா ஜெல். கடலோர ஊரின் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவேண்டும். அப்படி ஒன்றுதான் வீட்டில் இருந்தது. முறுக்கு டப்பா. அது சம்பந்தமான பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.

போன மாசம் கும்பகோணம் போனேன். பாட்டி அதே வாசலில், அதே கீரை. முதல் படத்தில் கீரை துல்லியம், பாட்டி மங்கல். இரண்டாவதில் காது பளிச், கண் போச்சு. திறப்பு பெரிசானால் கூர்மையாகத் தெரிகிற ஆழம் சில அங்குலம்தான் என்பதை நான்காமவர் சொல்லவில்லை. எஃப் 2.8-க்குக் குறைத்து, கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். இப்போது இருட்டு.

"என்னடா ரொம்ப நேரமா திருகறே?"

"வெளிச்சம் பத்தலை பாட்டி."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று முறத்தோடு முற்றத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். முகம் முழுக்க வெளிச்சம். 30,000 ரூபாயில் பாதிக்கு அந்தத் திரும்பலே வேலை செய்துவிட்டது.

க்ளக்.

பின்பக்கத் திரையில் காட்டினேன். பாட்டி ரொம்ப நேரம் பார்த்தாள். நெற்றிக்கோடு, மூக்குத்தி, ஆடுகிற பல், எல்லாம் இருந்தது.

"இது நான்தான்" என்றாள்.

எனக்குத் தொண்டையை ஏதோ செய்தது. பாட்டி அதற்குள் கூடத்துப் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, காமிராவைக் காட்டிக் கேட்டாள்:

"ஏன்டா, இதுல உங்க தாத்தாவோட கோட்டைக் கழட்ட முடியுமா? பாவம், சித்திரை வெயில் வேற."