முருகன் கொடுத்தது முதல் அடி மட்டும்தான்

திருவண்ணாமலையில் எழுத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது அருணகிரிநாதரில் போய்த்தான் நிற்கும். வல்லாள மகாராஜா கோபுரத்தின் மேலிருந்து உயிரை விடக் குதித்தார், முருகன் தாங்கிப் பிடித்தான், நாவில் வேலால் எழுதினான், திருப்புகழ் பொங்கி வந்தது. வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிக்குச் சொல்ல நல்ல கதை. கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வறையில் அது கொள்கையாகிவிட்டதுதான் தொல்லை. "எழுத்து ஒரு வரம் சார். வர்றவனுக்கு வரும். சொல்லிக்கொடுத்தா வருமா?"

நானும் பல வருஷம் இதைச் சொல்லித் திரிந்தவன்தான். சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது: கற்றுத்தர முடியாதது என்று ஆகிவிட்டால் கற்றுத்தர வேண்டியதில்லை. பகுதி ஒன்று தமிழுக்கு அசைன்மென்ட் என்றால் கரும்பலகையில் ஒரு வரி போதும்: 'கார்த்திகை தீபத் திருவிழா, ஐந்து பக்கம்.'

அப்படி ஒருமுறை ஐம்பத்தெட்டுத் தாள்கள் வந்தன. அத்தனையிலும் மலையின் உயரம் 2,668 அடி. அத்தனையிலும் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட 'முன்னுரை'. அத்தனையிலும் "பஞ்சபூதத் தலங்களுள் அக்னித் தலமாக விளங்கும்" என்ற ஒரே தொடக்கம். அந்த வகுப்பில் பர்வதராஜ குலத்துப் பையன் ஒருவன் இருந்தான். மலையுச்சியில் தீபம் ஏற்றுகிற உரிமை அவர்களுடையது. அவன் அப்பாவே கொப்பரையோடு மலையேறியவர். அவன் தாளிலும் அதே அக்னித் தலம், அதே 2,668. "உங்க வீட்டுல நடக்கிறதை ஏம்ப்பா எழுதலை?" என்றேன். "அதெல்லாம் எழுதலாமா சார்?" என்றான்.

பள்ளியில் குறிப்புச் சட்டகத்தை நிரப்பியே கட்டுரை எழுதிப் பழகியவன் கேட்கிற கேள்வி அது. அவனுக்கு வரமில்லை என்று நாம் தீர்ப்பெழுதுவது அயோக்கியத்தனம்.

எழுத்து வரம் என்ற நம்பிக்கைக்கு ஒரு தம்பி நம்பிக்கையும் உண்டு: நிறையப் படித்தால் எழுத்து தானாக வரும். படிக்காமல் எழுத வராது, உண்மை. ஆனால் தினமும் இட்லி சாப்பிடுகிறவனுக்கெல்லாம் மாவு அரைக்கும் பதம் தெரிந்துவிடுகிறதா? "ஜெயகாந்தன் எந்தக் கல்லூரியில் படித்தார்?" என்று கேட்பார்கள். கல்லூரியில் படிக்கவில்லைதான். ஆனால் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, ஜனசக்தி அச்சகத்தில் அச்சுக்கோத்து, மெய்ப்புத் திருத்தினார். ஒவ்வொரு சொல்லும் விரலில் ஏறிய பயிற்சி அது. நம் வகுப்பறையில் அதற்கு ஈடாக என்ன வைத்திருக்கிறோம்?

தமிழ் மரபு வரத்தை நம்பிக் கைகட்டி உட்கார்ந்ததே இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் போய்ச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று சிறிய நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடம் கேட்ட பிறகுதான் பெரிய புராணங்களுக்குப் போனார். ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வது புலவர்களின் பழைய பயிற்சி. நன்னூல் கணக்கே போட்டுவிட்டது: ஆசிரியர் சொன்னதை முழுதாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு, சக மாணவரோடு பழகினால் இன்னொரு கால், மீதி அரை பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. அருணகிரியார் கதையையே கவனித்துக் கேளுங்கள். முருகன் எடுத்துக் கொடுத்தது முதல் அடி. இன்று கிடைக்கும் 1,300 சொச்சம் பாடல்களையும் பாடியவர் அவர்தான்.

பக்கத்துச் செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடி. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிரே வருகிற கூத்தனிடம் "போ, கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாசி வழுக்கும் இடம் எது, கவண்கல் எங்கிருந்து வரும் என்று காலடி காலடியாகச் சொல்கிறான். எழுத்துப் பயிற்சி கொடுக்கிறவன் செய்ய வேண்டிய வேலை இது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பார்த்தலோமே, பெட்ரோஸ்கி இருவரும் இதைத்தான் செய்தார்கள். படிக்கவும் எழுதவும் திணறியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மாணவர்களுக்குப் பருவம் முழுதும் ஒரே பொருள்: வளரிளம்பருவம். அவர்கள் எழுதிய தன்வரலாறுகளையே கட்டித் தைத்து வகுப்புக்குப் பாடநூலாக்கினார்கள். அதை விளக்கும் புத்தகம் 1986இல் வந்தது.

நம் வகுப்பில் இதை எப்படிச் செய்வது? அதே தீபத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் வாரம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஓரிடத்தில் அரை மணி நேரம் நின்று, கண்டதை மட்டும் அரைப் பக்கம். 'புனிதம்', 'மக்கள் வெள்ளம்' இரண்டுக்கும் தடை. அடுத்து, அங்கே பிழைக்கிற ஒருவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதி வர வேண்டும். பிறகு மலைபடுகடாத்தின் வழிப்பகுதியைப் படித்துவிட்டு, ஊருக்குப் புதியவருக்கு வழி சொல்லி ஒரு பக்கம். அதன்பின் நாளிதழ். ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. இரண்டு நாளிதழ்ச் செய்திகளை அருகருகே வைத்து, எது எதை முதலில் சொன்னது, எது எதை விட்டது என்று எழுத வேண்டும். கடைசியாகத்தான் கட்டுரை: மலைமேல் யார் ஏறலாம்? முன்பு எழுதிய நான்கு தாளும் அதற்குச் சான்று.

போனில் எழுதி வாங்கிவிடுவார்களே என்பார்கள். தலைப்பு மட்டும் கொடுத்தால் பத்து நொடியில் வரும்தான். ஆனால் போன வாரத் தாள் என் மேசையில் இருக்கிறதே! அறுபது பேர் தாளை யார் திருத்துவது? எல்லாவற்றையும் நான் திருத்துவதில்லை. ஒருவர் தாளை இன்னொருவர் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். நன்னூல் சொன்ன மிச்சப் பங்குகள் அங்கே நடக்கின்றன. அகமதிப்பீட்டுக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணை ஐந்தாகப் பிரிக்க எந்த அனுமதியும் தேவையில்லை.

அந்தப் பையனுக்கும் மறுபருவத்தில் இந்த வரிசையைக் கொடுத்தேன். மலையின் உயரத்தை அவன் எங்கும் எழுதவில்லை. தீபம் முடிந்து அப்பா இறங்கி வந்த இரவு அவர் வேட்டியில் ஏறியிருந்த நெய் வாடை மூன்று துவைப்புக்கும் போகவில்லை என்று எழுதியிருந்தான். ஒற்றுப்பிழை ஒன்பது. அதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொண்டேன்.