குஞ்சுக்குச் சூடு வேண்டும், செலவு யாருக்கு?

சேலம், நாமக்கல் பக்கம் போய் "பசுமைக்குடிலுக்கு ஹீட்டர் வைக்க வேண்டும்" என்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே வெயில்தான் தொல்லை. நெதர்லாந்தில் கதை வேறு. அங்கே கண்ணாடிக் குடில்களை எரிவாயு எரித்துத்தான் சூடாக வைக்கிறார்கள். 2022இல் எரிவாயு விலை எகிறியபோது சிலர் குடில்களைப் பயிர் வைக்காமல் காலியாகவே போட்டார்கள்.

அப்படியானால் நம் ஊரில் சூட்டுக்குச் செலவே இல்லையா? இருக்கிறது. செடிக்கு அல்ல, கோழிக்குஞ்சுக்கு!

பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுக்கு உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. பண்ணையில் தாய்க்கோழியின் சிறகும் கிடையாது. முதல் வாரம் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைக்கலாம். இதற்குத்தான் புரூடர். குண்டு பல்பு, கேஸ், கரி போட்ட மண்பானை என்று ஆளுக்கொரு வழி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று வைத்தால் 1000 குஞ்சுக்கு 2000 வாட். நாள் முழுக்க எரிந்தால் 48 யூனிட். பத்து நாளில் 480 யூனிட். 5000 குஞ்சு என்றால் 2400 யூனிட்!

இந்தச் சூடெல்லாம் எங்கே போகிறது? நம் கொட்டகைகள் கோடைக்காகக் கட்டியவை. இரு பக்கமும் கம்பி வலை, உயரமான கூரை. மார்கழி ராத்திரியில் சூடான காற்று மேலே ஏறி வெளியே போய்விடும். ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். இன்னும் நாலு பல்பு மாட்டுவதற்கு முன் ஓட்டையை அடைக்க வேண்டாமா?

வழிகள் எளியவை. பக்கவாட்டில் படுதா கட்ட வேண்டும். கொட்டகை முழுவதையும் சூடாக்காமல் ஒரு பகுதியை மட்டும் தடுத்து, மேலே தாழ்வாக ஒரு தார்ப்பாய் கட்டலாம். சிமெண்ட் தரை சூட்டை இழுக்கும், அதனால் உமியோ தேங்காய் நாரோ தாராளமாகப் போட வேண்டும். வெயில் காலத்தில் பகல் 10 முதல் 5 வரை பல்பை அணைக்க முடிந்தால் 48 யூனிட்டில் 14 மிச்சம்.

ஆனால் ஒரேயடியாக மூடிவிடவும் கூடாது. எச்சத்தின் அம்மோனியாவும் கரிப்புகையும் குஞ்சைக் கொன்றுவிடும். படுதாவின் மேல்பக்கம் காற்றுக்கு இடைவெளி அவசியம். சூடு போதுமா என்று குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கோ ஊதல் காற்று நுழைகிறது. பரவலாக மேய்ந்தால் சரி!

இதையெல்லாம் பண்ணையாளர் மட்டும் செய்தால் போதுமா? கறிக்கோழி ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். கொட்டகை, கரண்டு, கரி எல்லாம் பொதுவாக விவசாயி தலையில். "குஞ்சு செத்தால் அவருக்கும் கூலி குறையும், அவரே பார்த்துக்கொள்வார்" என்பார்கள். பாதி உண்மைதான். குளிரில் வாடிய குஞ்சுகள் எல்லாம் சாவதில்லை. தின்ற தீவனத்தைச் சதையாக்காமல் சூட்டுக்கே எரித்துவிடும். அந்தத் தீவனம் கம்பெனியுடையது! படுதாவுக்கும் தார்ப்பாய்க்கும் பாதிப் பணம் கம்பெனி போட்டால் அது தர்மம் அல்ல, லாபம்.

நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புது ஹீட்டர் வாங்குமுன் அங்கே ஒரு வார்த்தை கேட்பதற்கு ஆகும் செலவு பஸ் காசு மட்டுமே. சூட்டை உண்டாக்குவது அப்புறம். இருக்கிற சூட்டைக் காப்பதுதான் முதல் வேலை. தாய்க்கோழி சிறகை விரித்து அதைத்தானே செய்கிறது?