பாராடாங் சாலையில் நான் கேட்க விரும்பியது

சென்ற டிசம்பரில் ஒரு கருத்தரங்கின் பொருட்டு அந்தமான் சென்றிருந்தேன். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்டும் பலர் வாயில் இன்னும் போர்ட் பிளேராகவே இருக்கும் ஊர் அது. கருத்தரங்கு முடிந்தபின் ஒரு நாள் மிச்சமிருந்தது. தங்கியிருந்த இடத்தில் எல்லோரும் பரிந்துரைத்தபடி, பாராடாங் தீவுக்குச் சென்றுவர ஓட்டுநருடன் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டேன். அலையாத்திக் காட்டின் ஊடே படகுப் பயணம், சுண்ணாம்புக்கல் குகைகள், சேற்று எரிமலை ஆகியவை பயணத் திட்டத்தில் இருந்தன. திட்டத்தில் எழுதாமல், எல்லோருக்கும் தெரிந்த இன்னொன்றும் இருந்தது. அதைப் பற்றியதே இப்பதிவு.

அதிகாலை மூன்றரை மணிக்குப் புறப்பட்டோம். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் வழியே செல்கிறது. தனித்துச் செல்ல அனுமதியில்லை. குறித்த நேரங்களில், காவல் வண்டியின் பின்னே அணியாகவே செல்ல வேண்டும். வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவு தரக் கூடாது என்று அறிவிப்புப் பலகை கூறுகிறது. அதன் எதிரே இருந்த தேநீர்க் கடையில், பக்கத்து வண்டியில் வந்த ஒருவர் என் ஓட்டுநரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: “எந்த வளைவில் அவர்கள் நிற்பார்கள்?” ஓட்டுநர், “இது வெறும் சாலை, சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

கேட்டவர்மீது எனக்கு எழுந்த இகழ்ச்சியை மறைக்கப்போவதில்லை. காப்பகத்தை ஒட்டிய பகுதிகளில் இச்சாலையை மூட வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதையும், அது நிறைவேறாமல் போனதையும் படித்திருக்கிறேன். ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகளின் முன் ஆடவைத்த காணொளி 2012இல் வெளியாகி உலகமே அதிர்ந்ததையும் அறிவேன். ஆனால் வண்டி காட்டுக்குள் நுழைந்ததும் நான் செய்தது என்ன? என் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினேன்.

“ஏற்றிவிடுங்கள், மேடம்” என்றார் ஓட்டுநர். படம் எடுக்கமாட்டேன், என்னிடம் கேமராவே இல்லை என்றேன். நான் மொழியியல் படிப்பவள் என்பதையும், அவர்கள் பேச்சில் ஒரு சொல்லாவது காதில் விழுமா என்ற ஆவலால் இறக்கியதையும் விளக்கினேன். அவர் சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல், “அவர்களும் சும்மா பார்க்கத்தான் என்கிறார்கள், மேடம்” என்றார். கண்ணாடியை ஏற்றினேன்.

அன்று அச்சாலையில் யாரையாவது கண்டோமா என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இப்பதிவும் அந்த அணியில் இன்னொரு வண்டியாகிவிடும்.

எங்கள் துறை எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கம் உண்டு. பதிவு செய்யப்படாத மொழியைக் கண்டால் அதை ஆபத்தில் உள்ள மொழி என்று எண்ணிவிடுகிறோம். இவ்விரண்டும் ஒன்றல்ல. ஜாரவாக் குழந்தைகள் தம் மொழியைத் தாயிடமிருந்தே கற்கிறார்கள். தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுவதே மொழியின் உயிர்ப்பு என்றால், 2011 கணக்கெடுப்பின்படி 380 பேரே கொண்ட அம்மக்களின் மொழி உயிர்ப்போடுதான் இருக்கிறது. நாம் அதை முழுமையாகப் பதிவு செய்யவில்லை என்பது அதற்கு ஒரு நோயன்று. நோய் வேறு வழியில் வருகிறது. வெளியாருடன் தொடர்பு ஏற்பட்ட சில ஆண்டுகளிலேயே, 1999இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. அதே 2011 கணக்கில் இத்தீவுகளின் மொத்த மக்கள்தொகை 3,80,581. ஒருவருக்கு ஆயிரம் பேர் என்ற இந்த விகிதத்தில், பார்க்கும் ஆவலும் கேட்கும் ஆவலும் ஒரே எடைதான்.

‘ஜாரவா’ என்ற பெயரும் அவர்களுடையதன்று. அது அக்கா-பேயா என்ற பெரிய அந்தமானிய மொழியில் அயலாரைக் குறித்த சொல். அவர்கள் தம்மை ‘அங்’ என்பர். பெயர் சூட்டிய அம்மொழி இன்று இல்லை. அதன் உறவு மொழியான அக்கா-போவின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். பேராசிரியர் அன்விதா அப்பி அவரோடு பல காலம் அமர்ந்து பதிவு செய்தவை இன்று நமக்கு எஞ்சியிருக்கின்றன. அப்பணியை இங்கே நினைவுகூரக் காரணம் உண்டு. அங்கே ஒருவர் கேட்டார், மற்றவர் விரும்பிச் சொன்னார். ஓடும் வண்டியின் கண்ணாடி இடுக்கில் நான் தேடியதில் சொல்பவரின் விருப்பத்துக்கு இடமே இல்லை.

குகைகளைப் பார்த்துவிட்டு மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறைக்குத் திரும்பியபோது, அடுத்த அணி புறப்பட நேரமிருந்தது. காலையிலிருந்து பக்கத்தில் அமர்ந்து வந்த மனிதரிடம் அப்போதுதான் ஊர் எது என்று கேட்டேன். “நாங்கள் ராஞ்சிவாலா” என்றார். காடு வெட்டுவதற்காக 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து இத்தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு இங்கு அதுவே பெயர். ஜார்க்கண்டில் பழங்குடியினராக அட்டவணைப்படுத்தப்பட்ட அவர்களுக்கு இத்தீவுகளில் அந்தத் தகுதி இல்லை. அவருடைய பாட்டனார் மரம் வெட்ட வந்தவர். தந்தை இதே சாலையில் கூலி வேலை செய்தவர். அவர்கள் ஒராவோன் குடியினர். பாட்டி பேசியது குடுக்கு மொழி.

குடுக்கு திராவிட மொழி. அவருக்கு நினைவிருந்தவற்றைக் கேட்டேன், வெட்கத்தோடு சொன்னார். நீருக்கு ‘அம்ம்’, பல்லுக்குப் ‘பல்’, கண்ணுக்கு அடித்தொண்டையிலிருந்து எழும் ககரத்தோடு ‘கன்’. எண்களில் ‘ஓண்ட், ஏண்ட், மூந்த், நாக்’ என்று நான்கு வரை வந்து, ஐந்தில் இந்திக்கு மாறினார். இவற்றுள் மூன்று சொற்களையும் தமிழிலிருந்து நான் திருப்பிச் சொன்னபோது, விளையாடுகிறேன் என்றே முதலில் நினைத்தார். ‘அம்’ என்பதற்கு நீர் என்ற பொருள் நம் அகராதிகளிலும் உண்டு என்றேன். அவருடைய பிள்ளைகள் இந்தி மட்டுமே பேசுகிறார்கள். “இதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, மேடம். இந்த வண்டியில் ஏறுபவர்கள் கேட்பது வேறு” என்றார்.

அந்த அரைமணி நேரம் என்னை மிகவும் நாணவைத்தது. கேட்டால் சொல்ல விரும்பிய மனிதர் கையெட்டும் தொலைவில் இருந்தார். மூன்று தலைமுறைக்குள் ஒரு மொழி அவர் வீட்டில் நின்றுபோயிருந்தது. நானோ, கேட்கும் உரிமை எனக்கில்லாத காட்டின் பக்கம் காதை வைத்திருந்தேன்.

சாலையை மூடுவது எளிதன்று என்பதை அவர்தான் விளக்கினார். ரங்கட், மாயாபந்தர், டிக்லிபூர் மக்கள் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் இதே வழியில்தான் வருகிறார்கள். அதை மறுப்பதற்கு எனக்குத் தகுதியில்லை. ஆனால் குகை பார்க்கப் போகும் நமக்கு அந்தத் தேவை இல்லை. நாம் போகாமலிருந்தால் யாருடைய மருத்துவமும் நிற்காது, அணியில் வண்டிகள் குறையும். ஓட்டுநரின் பிழைப்பு என்னாவது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நானும் அவரிடம் கேட்டேன். பாராடாங் பயணத்துக்குக் கூலி சற்று அதிகம் என்பதை ஒப்புக்கொண்டார். கூடவே, “யாராவது படம் எடுத்து மாட்டினால் வண்டியும் உரிமமும் என்னுடையது” என்றார். அவர் கேட்பது சுற்றுலாவையே நிறுத்தச் சொல்லி அன்று. சிடியா டாப்பு, வண்டூர், 2021இல் மவுண்ட் மணிப்பூர் எனப் பெயர் மாறிய மவுண்ட் ஹாரியட் என்று ஒரு நாளுக்குத் தாராளமாக இடங்கள் இருக்கின்றன. பாராடாங்குக்குக் கொடுப்பதாயிருந்த தொகையை அதற்கே கொடுத்தால் அவருக்கு நட்டமில்லை.

இப்பதிவை வாசிக்கும் ஆய்வு மாணவர்கள் பலர் கருத்தரங்குக்காகவோ களப்பணிக்காகவோ அத்தீவுகளுக்குச் செல்லக்கூடும். நான் செய்ததைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘நான் சுற்றுலாப் பயணியல்லன், ஆய்வாளன்’ என்ற எண்ணம் அந்த வண்டியில் ஏறுவதற்கு நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் அனுமதிச் சீட்டு. அச்சீட்டு என் பையிலும் இருந்தது. அதைக் கண்டுகொண்டவர் என் நெறியாளர் அல்லர், என் ஓட்டுநர்.