நோன்பும் நீரிழிவும்

கண்டி மாநகரிலே வாழும் நமக்கு நோன்பு புதியதொன்றன்று. போயா தினத்திலே வெள்ளாடை தரித்துத் தலதா மாளிகைக்குச் சென்று சீலம் அனுட்டிப்போர் நண்பகலின் பின் உணவு கொள்வதில்லை. மீரா மக்காம் பள்ளிவாசலிலே தொழும் இஸ்லாமியச் சகோதரர் றமழான் மாதத்தில் வைகறை தொட்டு அந்திவரை நீரும் அருந்தார். கட்டுக்கலைப் பிள்ளையாரை வணங்கும் நம்மவருட் பலர் கந்தசஷ்டி ஆறு நாளும் ஒருபொழுது உண்டு விரதங் காப்பர்.

இன்று மேல்நாட்டாரும் இடைவிட்டு உண்பதை ஆரோக்கிய நெறியென்று போற்றத் தொடங்கியுள்ளனர். இதில் உண்மை எவ்வளவு?

உண்ணாதிருக்கும்போது, ஈரலிலே சேமிக்கப்பட்ட சர்க்கரைச் சத்து முதலிற் செலவாகிறது. அது குறையக் குறைய, உடல் தன் கொழுப்பை எரிபொருளாக்கிக்கொள்கிறது. சீன தேசத்துக் குவாங்சோ நகரிலே பருத்த உடலினர் 139 பேரிடம் ஓராண்டு நடத்திய ஆராய்ச்சியொன்று 2022இல் வெளியாயிற்று. யாவரும் உணவைக் குறைத்தனர். அவருள் ஒரு சாரார் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டுமே உண்டனர். இரு சாராரும் எடை குறைந்தனர். இவர்களிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. ஆகவே, அங்கே பெரும்பயன் தந்தது கடிகாரமன்று, அளவான உணவே எனலாம். பகலெல்லாம் பட்டினியிருந்து, இரவிலே வடையும் பாயசமும் வயிறு புடைக்க உண்பார் இதனைச் சிந்திப்பாராக.

இனி ஓர் எச்சரிக்கை. எமது அயலிலே நீரிழிவுள்ள முதிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். சஷ்டியின் முதனாள் அவர் வழக்கம்போல் மாத்திரையை விழுங்கினார். உணவை மட்டும் விட்டார். நண்பகலில் உடல் நடுங்கிற்று, வியர்த்துக் கொட்டியது, பேச்சுக் குழறிற்று. பாடசாலையிற் பயிலும் பேர்த்தி நிலைமையை உணர்ந்து, பாட்டியார் நினைவிழக்குமுன் சர்க்கரை கரைத்த நீரைப் பருகக் கொடுத்தாள். உயிர் தப்பிற்று. சர்க்கரையைத் தணிக்கும் சில மாத்திரைகளும் இன்சுலினும், உணவு உள்ளே செல்லாவிடினும் தம் வேலையை நிறுத்துவதில்லை.

ஆதலின் நீரிழிவுடையோரும் கருவுற்ற தாய்மாரும் வைத்தியரைக் கேளாது நோன்பிருத்தலாகாது. மருந்தைத் தாமாகவே நிறுத்துதலும் ஆகாது. வளரும் சிறுவரைப் பட்டினி போடுதலும் தகாது.

அவ்வம்மையார் அடுத்த ஆண்டு சஷ்டியில் வேளைக்கு உண்டார். ஆயினும் விரதத்தை விட்டாரல்லர். ஆறு நாளும் எவரையும் கடிந்து ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று நோன்பு பூண்டார். பட்டினியிலும் அதுவே பாட்டிக்குக் கடினமாயிருந்தது என்கிறாள் பேர்த்தி.