பூட்டில்லாக் கருவியும் புறநகர்ச் செய்தியும்

1878-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 20-ஆம் தேதி ‘தி ஹிந்து’ பத்திரிகையின் முதல் இதழ் சென்னையிலே வெளிவந்தபோது அதற்குச் சொந்த அச்சுக்கூடம் இல்லை. உபாத்தியாயர் இருவரும் சட்டம் பயிலும் மாணாக்கர் நால்வருமாக ஆறு பேர் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கித் தங்கசாலைத் தெருவிலிருந்த ஸ்ரீநிதி அச்சகத்திலே 80 பிரதிகள் அச்சிட்டனர். பின்னர்ப் பெரிதும் வளர்ந்த அப்பத்திரிகை, 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ஆம் தேதி சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகரிலுள்ள அச்சுக்கூடத்திற்குத் தொழிலாளர் சென்று சேர இயலாதவாறு வெள்ளம் வழியை மறித்துவிட்டது. எந்த நாளில் ஜனங்களுக்குச் செய்தி மிகமிக வேண்டியிருந்ததோ, அந்த நாளிலேயே செய்தித்தாள் வாசலுக்கு வரவில்லை.

அவ்வெள்ளத்தின் தலைவாய்களுள் ஒன்று நம் அண்டையிலேதான் இருந்தது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து முந்தின நாள் இரவு நொடிக்கு 29,000 கன அடி வரையில் திறந்துவிடப்பட்ட நீர், அடையாற்றின் இரு கரையும் புரண்டு ஓடிற்று. அவ்விரவில் வீட்டு மாடியில் நின்றவனுக்கு மந்திரிகளின் அறிக்கையோ தலையங்கமோ வேண்டியிருக்கவில்லை. எத்தெருவில் முழங்கால் நீர், எத்தெருவில் கழுத்து நீர், எப்பாலத்தின்மேல் இன்னும் நடக்கலாம் என்பதே அவனுக்கு வேண்டிய விருத்தாந்தம்.

அதனைத் தர முற்பட்டது ஒரு வரைபடம். மேப்பாக்ஸ் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய அருண் கணேஷ் என்பவரும் அவருடைய நண்பர்களும் அதனைச் சமைத்து இணையத்தில் வைத்தனர். அதிலே தன் தெருவை எவரும் விரலால் தொடலாம். தொட்ட தெரு வெள்ளத்தில் மூழ்கியதென்று சிவந்து காட்டும். சில நாட்களுக்குள் 2,000-க்கு மேற்பட்ட தெருக்கள் சிவந்தன. இதனைச் செய்தித்தொழில் என்று சொல்லத் தயங்குவோர் உண்டு. நாம் தயங்கவில்லை. தெரிந்ததைத் தெரியாதவனுக்கு உரிய காலத்தில் அறிவிப்பதன்றோ பத்திரிகையின் முதற்கடன்?

இவ்வளவு விரைவில் அது எங்ஙனம் இயன்றது? அடியிலிருந்த தெருப்படம் ஏற்கெனவே பொதுச்சொத்தாய்க் கிடந்தது. 2004-இல் இங்கிலாந்திலே தொடங்கிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் முயற்சியில், உலகெங்குமுள்ள தொண்டர்கள் தத்தம் ஊர்த் தெருக்களைத் தாமே வரைந்து சேர்த்து வந்திருக்கின்றனர். அதனை எடுத்து வேறொரு காரியத்திற்கு ஆக்கிக்கொள்ள எவரிடமும் விண்ணப்பம் போட வேண்டுவதில்லை. மூலத்தைக் குறிப்பிட்டு, அதன் உரிமச் சொற்களை மீறாதிருந்தால் போதும்.

கட்டற்ற மென்பொருள் என்று இக்காலத்தார் வழங்குவதன் உட்பொருளும் இதுவே. கணினிக்குக் கட்டளையாக எழுதப்பட்ட மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். விலையில்லை என்பது இதன் சிறப்பன்று. திருத்தலாம் என்பதே சிறப்பு. மிஷன் கல்லூரியில் பயிலும் நமக்கு இதனை விளக்க அயலூர் உதாரணம் வேண்டியதில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயருக்கு 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் அச்செழுத்துக்கள் வந்தன. அவை மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் கையிலிருந்த காகிதம் போதாது. அவர்கள் என் செய்தனர்? சிற்றெழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டனர். 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். “வந்தபடியே வழங்குக, மாற்றி வார்த்தல் குற்றம்” என்று ஹாலேக்காரர் ஒரு நிபந்தனை விதித்திருப்பாராயின், அந்நூல் எவ்வாறு முற்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க.

நிற்க. தமிழ்ப் பத்திரிகைகள் இப்பாடத்தை இரண்டாம் முறை கற்க வேண்டியதாயிற்று. 1990-க்குப் பின் அவை இணையத்தில் ஏறத் தொடங்கிய காலத்தில், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவையும் தனக்கென ஒரு குறியீட்டு முறையையும் வைத்துக்கொண்டது. அவ்வெழுத்துருவைத் தன் கணினியில் இறக்கிக்கொள்ளாத வாசகனுக்குத் தலைப்புச் செய்தி பொருளற்ற குறிகளாகவே தோன்றும். யூனிகோடு 1991-இலேயே தமிழுக்கு இடம் வகுத்திருந்தும், தமிழ்நாட்டு அரசாங்கம் அதனை ஏற்று ஆணையிட்டது 2010-இலேதான். இடையிலே தேடுபொறிக்கும் எட்டாமல், பிற்காலத்தார் கண்ணுக்கும் படாமல் போன கட்டுரைகள் எத்தனையோ! ஏட்டுச் சுவடிகளைப் பெட்டிக்குள் பூட்டிக் கறையானுக்கு இட்ட நம் முன்னோரை நாம் நோகிறோம். ஆயின் நம் மலரின் பழைய தமிழ்ப் பகுதிகள் சிலவற்றின் கணினிக் கோப்புக்கள், அவற்றைச் சமைத்த செயலி மறைந்துபோனமையால், இன்று திறக்க மறுக்கின்றன. அச்சிட்ட காகிதம் அலமாரியில் இருக்கின்றமையாலன்றோ அவை பிழைத்தன? கறையானை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

அக்குறையை நீக்க முதலில் உழைத்தோர் பெரும்பாலும் சம்பளமில்லாத் தொண்டர்களே. ஸ்விட்ஸர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் என்பார் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2012-இல் எழுந்த ‘கணியம்’ மின்னிதழும் அத்தகைய உழைப்பின் விளைவுகள். ‘கணியம்’ கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலே எழுதி, தன் கட்டுரைகளையும் எவரும் மறுபதிப்புச் செய்யுமாறு விட்டிருக்கின்றது. இன்று உலகில் பெரியவும் சிறியவுமாகிய எண்ணிறந்த செய்தித்தளங்கள் வேர்ட்பிரஸ் என்னும் கட்டற்ற மென்பொருளின்மேல் நிற்கின்றன. பனாமாவிலிருந்து கசிந்த 1 கோடியே 15 லட்சம் ஆவணங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட பல நாட்டுப் பத்திரிகையாளரும் (‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ அவர்களுள் ஒன்று) அப்பெருங்குவியலைத் தேடிப் பார்க்க இத்தகைய மென்பொருள்களையே பெரிதும் பயன்படுத்தினர்.

இவ்வளவும் கூறியபின், ஒரு குறையை மறைத்தல் தகாது. நம் புறநகர்க்கு அதுவே முக்கியமானது. பொதுமக்கள் சமைக்கும் வரைபடத்தில் குறித்தவன் தெரு மட்டுமே சிவக்கும். மின்சாரம் அற்று, கைப்பேசியும் அணைந்து, குறிக்க ஆளில்லாத தெரு வெண்மையாகவே இருக்கும்; பார்ப்பவன் அதனை நீரில்லாத் தெரு என்றே எண்ணுவான். ஆழ்ந்து மூழ்கிய தெருவே படத்தில் வறண்ட தெருவாய்த் தோன்றக்கூடும் என்பது எவ்வளவு கொடிய முரண்! கருவிக்குப் பூட்டில்லை என்பதனாலேயே எல்லாரும் உள்ளே வந்துவிட்டார் என்று கொள்ளலாகாது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பின்புறச் சந்துகளும், கொரட்டூர் ஏரிக்கரைக் குடியிருப்புக்களும், ஆவடிக்கு அப்பாலுள்ள புதுமனைகளும் தம்மைத் தாமே குறித்துக்கொள்ளா. அச்சுப் பத்திரிகையின் நிருபர் அங்கே செல்வதும் அரிது. செல்வாரேல், நீர் வடிந்த பின்னரே செல்வார்.

வதந்தியையும் சொல்ல வேண்டும். அதே வெள்ளக் காலத்தில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்ற பொய்ச்செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி பாய்ந்தது. பண்ணையார் மறுத்துரைத்தனர்; ஆனால் மறுப்பு எவர் எவரைச் சென்றடைந்தது என்று காண வழியில்லை. தெருப்படத்திலோ விக்கிப்பீடியாவிலோ பிழை நேரின், எழுதிய கணக்கும் எழுதிய நேரமும் குறிப்பிலிருக்கும். பிறிதொருவர் திருத்தலாம், திருத்தியதும் தெரியும். பிழையே நேராதென்பதன்று நம் வாதம். நேர்ந்த பிழைக்குச் சுவடு உண்டு என்பதே.

இதிலே நம்மை வருத்தும் வேடிக்கை ஒன்றுண்டு. இன்று நம் மக்கள் செய்தி படிக்கும் பெருங்கம்பெனிகளின் தளங்களும் லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களின் மேலேயே எழுப்பப்பட்டவை. அடித்தளம் ஊரார் இட்டது; வாசற்கதவின் திறவுகோலோ கம்பெனியின் இடுப்பில்! எச்செய்தி மேலே வரும், எது கீழே அமிழும் என்று தீர்மானிக்கும் கணக்கை ஊரார் பார்க்க முடியாது. தொண்டர் உழைப்பை எடுத்துக்கொள்வோர் அவ்வுழைப்புக்குப் பொருளுதவி செய்வது முறையென்பதும் நம் அபிப்பிராயம். ஊதியமற்ற தொண்டு இளைஞனின் இரவுகளை உண்டு வளர்வது, அவனுக்கு மணமாகி உத்தியோகம் வந்தபின் பெரும்பாலும் நின்றுபோம்.

ஆகையால் நாம் நம் கல்லூரியாரிடம் வேண்டுவன சிலவே. இம்மலரின் தமிழ்ப் பகுதியை இனி யூனிகோடு எழுத்தில், திறந்த கோப்பு வடிவில் வைத்துக் காக்க. திறக்க மறுக்கும் பழைய பகுதிகளை மாணாக்கர் மீண்டும் தட்டச்சிட்டுத் தருக. பழைய மாணவர் பலர் தம் இளமைக் கட்டுரைகளைக் கண்டு நாணவும் மகிழவும் கூடும். அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் நாடோறும் ரயிலிலும் பஸ்ஸிலும் வருவோர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தத்தம் தெருவில் நடந்து, அதன் பெயரையும், மழைநீர் எப்பக்கம் ஓடுகிறதென்பதையும், மேட்டிலுள்ள பள்ளிக்கூடம் எது என்பதையும் அப்பொதுப் படத்தில் பதிக. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். பதியும் வேலையை ஆகஸ்டிலேயே தொடங்குவது நலம்.