வேட்டியும் சாரமும் வேதமும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. ஒருவன் உடுத்தும் துணி அவனுடைய மானத்தைக் காப்பதோடு நிற்பதில்லை. அவன் யார், எந்த ஊர், என்ன தொழில், எந்தக் குலம் என்றெல்லாம் பிறர் கணக்கிடவும் அது கருவியாகிறது. அந்தக் கணக்கில் சமயமும் வந்து சேரும்போது விவாதம் சூடேறி விடுகிறது. அத்தகைய விவாதம் ஒன்றைப் பற்றி என் கருத்தை இங்கே எழுத விரும்புகிறேன்.

ஸ்காட்லாந்து நாட்டு ஆண்கள் முழங்கால் அளவில் கட்டம் போட்ட கம்பளித் துணியை மடிப்பு மடிப்பாக இடையில் சுற்றிக்கொள்கிறார்கள். அதற்குக் ‘கில்ட்’ என்று பெயர். பார்வைக்கு நம் பெண் பிள்ளைகளின் பாவாடையைப் போலிருக்கும். வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “ஆண்மகன் பாவாடை கட்டுவதை வேதம் அருவருப்பு என்கிறது, அது எந்த நாட்டு வழக்கமானாலும் பாவந்தான்” என்று நண்பர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். அன்று மாலை கடற்கரையில் அவரைக் கண்டேன். இடுப்பில் கட்டம் போட்ட சாரம்! சிரிப்பு வந்தாலும், அவர் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உலகின் பல பகுதிகளில் பக்தியுள்ள மக்கள் இதே தடையை எழுப்புகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். பிற மாவட்டத்தார் லுங்கி என்றும் கைலி என்றும் சொல்வதைத் தூத்துக்குடியில் நாம் சாரம் என்கிறோம். கடலுக்கு அப்பால் இலங்கைத் தமிழரும் சாரம் என்றே சொல்கிறார்கள். உப்பளத்தில் வேலை செய்பவரும், தோணியில் பாய் ஏற்றுபவரும், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும், சங்கு குளிப்பவரும் சாரம் கட்டுகிறார்கள். பரதவர், இசுலாமியர், நாடார் என்ற வேற்றுமை அதற்கில்லை. தையல் என்று பார்த்தால் அது இரு முனையும் சேர்த்துத் தைத்த ஒரு துணிக்குழாய். கால்களைப் பிரிக்காமல் சுற்றி நிற்கும் எந்த உடையும் பெண்ணுடை என்றால், நம் பாட்டன் பூட்டன் எல்லாரும் பெண்ணுடையில்தான் வாழ்ந்து மறைந்தார்கள் என்றாகிவிடும். வேட்டியைப் பார்த்து அப்படிச் சொல்ல எவருக்கும் துணிவு வராது.

இனி வேதத்துக்கு வருவோம். கிறிஸ்தவ நண்பர்கள் எடுத்துக்காட்டுவது உபாகமம் 22-ஆம் அதிகாரம், 5-ஆம் வசனம். ஆண் பெண்ணின் உடையையும், பெண் ஆணுக்குரியதையும் தரிக்கலாகாது என்பது அதன் கருத்து. இதை மறுக்க வேண்டியதில்லை. முழுமையாகப் படிக்க வேண்டும். அக்கட்டளையைப் பெற்ற இசுரவேல் மக்களில் ஆண்களும் பெண்களும் தைத்த நீண்ட அங்கியையே உடுத்தினார்கள், அதன்மேல் போர்வை. காற்சட்டை ஆணுடை, பாவாடை பெண்ணுடை என்ற பிரிவு அவர்கள் அறியாதது. ஆகவே அந்த வசனம் தையற்காரனுடைய அளவைப் பற்றிப் பேசவில்லை. அந்தந்தச் சமுதாயத்தில் ஆணுக்குரியது எது, பெண்ணுக்குரியது எது என்று வழங்குகிறதோ, அதை மாற்றி வேடமிடுவதைப் பற்றியே பேசுகிறது. யூத அறிஞர்களுள் ஒரு சாரார் பெண் போர்க்கருவி ஏந்துவதைத் தடுக்கும் கட்டளை என்றும் அதற்குப் பொருள் கண்டிருக்கிறார்கள்.

அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனம் ஆட்டு மயிரும் பஞ்சுநூலும் கலந்து நெய்த துணியை உடுத்தாதே என்கிறது. 12-ஆம் வசனம் மேலாடையின் நான்கு முனைகளிலும் குஞ்சம் வைக்கச் சொல்கிறது. நம் ஊர்த் துணிக்கடையில் கலப்பு நூலா என்று எந்தக் கிறிஸ்தவரும் விசாரித்துப் பார்த்ததில்லை. குஞ்சம் வைத்துத் தைக்கவும் சொன்னதில்லை. 11-ஐயும் 12-ஐயும் பழைய காலத்து ஏற்பாடு என்று கடந்து செல்பவர், 5-இல் மட்டும் நின்றுகொள்வதற்குக் காரணம் காட்ட வேண்டும் அல்லவா? யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் சணல்நூல் உள்ளாடை அணியும்படி கட்டளை உண்டு. அதுவும் பலிபீடப் பணி செய்யும் ஆசாரியர்களுக்கு, மானம் மறைக்கும் பொருட்டுத் தனியாகச் சொல்லப்பட்டது. மற்ற ஆண்கள் அங்கியோடுதான் நடமாடினார்கள்.

இசுலாத்திலும் ஆண் பெண்ணைப் போலவும், பெண் ஆணைப் போலவும் பாவனை செய்வதற்குக் கண்டனம் உண்டு. ஆனால் நபிகள் நாயகம் காலத்து அரபு மக்கள் இடையில் சுற்றிக் கட்டிய ‘இஸார்’ நம் வேட்டிக்கு நெருங்கிய உறவு. இன்றும் மக்காவுக்கு ஹஜ் செல்லும் ஆண் தைத்த உடையைக் களைந்துவிட்டு, இடுப்பில் ஒரு துணியும் தோளில் ஒரு துணியுமாகத்தான் நிற்கிறார்; அரசரானாலும் அதே இரண்டு துணிதான். காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களில் கைலியோடு தொழுவதை எவரும் குறையாகக் கருதுவதில்லை.

இந்துக் கோயில்களின் நிலை இன்னும் வேடிக்கையானது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்கள் வேட்டி கட்டித்தான் போக வேண்டும். காற்சட்டைக்கு அனுமதி இல்லை. திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றிவிட்டு முருகனைக் கும்பிடுகிறோம். சட்டையைக் கழற்றுவது அங்கே மரியாதை. பத்துக் கல் தொலைவில் உள்ள மாதா கோயிலில் அதுவே அவமரியாதை. குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசராவிலோ, மீசை மழித்த ஆண்கள் சேலை கட்டிக் காளியாகவும் குறத்தியாகவும் வேடமிட்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்குகிறார்கள். அது நேர்த்திக்கடன். இவை அத்தனையும் நம் கரையை ஒட்டிய ஊர்களிலேயே நடக்கின்றன. எனவே ‘சமயம் இதைத்தான் உடுத்தச் சொல்கிறது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் எதைக் கொண்டு முடிவு செய்வது? இக்கேள்விக்கு நம் முத்துக்குளித்துறையை ஒட்டியே நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. பரதவர் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கத்தோலிக்க சமயம் தழுவினார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். அதன்பின் இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி இக்கரையில் சில மாதம் தங்கித் தமிழ் பயின்று, 1606-இல் மதுரை சென்றார். கிறிஸ்தவனாவது என்றால் ‘பரங்கி’ ஆவது, பரங்கி உடையும் உணவும் கொள்வது என்று மக்கள் எண்ணியிருந்ததைக் கண்டார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தினார், பாதக்குறடு அணிந்தார், தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். தம்மிடம் வந்தவர்கள் பூணூலையும் குடுமியையும் விட வேண்டியதில்லை என்றார்.

முதல் எதிர்ப்பு அவருடைய சபையிலிருந்தே வந்தது. மதுரையில் முன்பே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் குரு, இவை புறச்சமயச் சின்னங்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். தெ நொபிலி தந்த மறுமொழியின் சாரம் இதுதான்: ஒரு சின்னம் வழிபாட்டுக்கு மட்டுமே உரியதா, அல்லது ஒரு மக்கள் கூட்டத்தின் பொது வழக்கமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும், பொது வழக்கமாயின் அதைக் கைவிடச் சொல்ல நமக்கு உரிமையில்லை. கோவாவிலும் உரோமையிலும் ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. 1623-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி, சமய மூடவழக்கு கலவாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவற்றை அனுமதித்தார்.

இவ்வழக்கின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பூணூலுக்கு இடம் கொடுத்தபோது, அது சுமந்து வந்த சாதிப் பெருமையும் உள்ளே நுழைந்தது. ஊர் வழக்கம் என்ற ஒரே காரணத்தால் எதுவும் நல்லதாகி விடாது. வழக்கமா என்று கேட்ட பின், அது யாரையாவது தாழ்த்துகிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஊர் வழக்கம் எவ்வளவு தூரம் மாறும் என்பதற்குப் பசிபிக் கடலிலுள்ள பிஜித் தீவு சான்று. 19-ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்த ஊழியர்கள் அங்கே சென்றபோது, மனம் திரும்பிய ஆண்கள் இடையில் சுற்றிக் கட்டும் ‘சுலு’ என்ற துணியை உடுத்தினார்கள். அதுவே கிறிஸ்தவனுக்கு அடையாளமாயிற்று. அதே வேதத்தைப் படிக்கும் ஒருவர் ஓரிடத்தில் ‘ஆணுக்குப் பாவாடை ஆகாது’ என்கிறார். இன்னோரிடத்தில் அத்தகைய உடையே ஞானஸ்நானத்தின் அடையாளம்! கில்ட்டின் கதையும் அப்படித்தான். 1746-இல் ஆங்கில அரசு அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1782-இல் தடையை நீக்கியது. தடைக்குக் காரணம் வேதமன்று, அதை உடுத்திய மலைநாட்டார் கிளர்ச்சி செய்தார்கள் என்பதே. இன்று ஸ்காட்லாந்து மணமகன் அதே உடையில் தேவாலயத்தில் தாலிக்கு ஈடான மோதிரம் மாற்றுகிறான்.

நம் நாட்டிலும் உடைத் தடைகளைச் சற்றே கிளறினால் உள்ளே அந்தஸ்து இருப்பது தெரியும். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை அணிந்ததற்குக் கலகங்கள் நடந்தன. வழக்கத்துக்கு விரோதம், ஆசாரத்துக்கு விரோதம் என்றுதான் எதிர்த்தவர்கள் கூறினார்கள். மேற்சாதியார் உடுத்தும் அதே பாணியில் ஆகாது என்ற நிபந்தனையோடு 1859-இல்தான் அரசர் இணங்கினார். 2014-இல் உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வேட்டி கட்டியிருந்ததால், சென்னைச் சேப்பாக்கத்திலுள்ள கிரிக்கெட் சங்க மன்றத்தில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. அவ்வாண்டே தமிழக அரசு அத்தகைய தடைகளை நீக்கச் சட்டம் இயற்றியது. 2015 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்கு உடை விதி வகுத்தது. 2016 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது சில கோயில்களில் லுங்கிக்கு அனுமதியில்லை என்ற பலகை தொங்கியது. அந்த மாதமே இருவர் அமர்வு அவ்விதிக்குத் தடை விதித்தது. மன்றத்தில் வேட்டிக்கு இடமில்லை என்றபோது நாடே கொதித்தது. கோயிலில் சாரத்துக்கு இடமில்லை என்றபோது கொதித்தவர்கள் எத்தனை பேர்? வேட்டிக்கும் சாரத்துக்கும் வடிவத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்று விழாவுக்கு உரியது, மற்றொன்று உழைப்புக்கு உரியது என்பதே வேறுபாடு.

இது எங்கள் குடும்பத்தைத் தொட்ட செய்தி. உப்பளத்தில் வேலை முடித்த என் மாமா, தம் தகப்பனாரின் நினைவு நாள் பூசைக்கு நேரம் தவறிவிடும் என்று நேரே ஆலயத்துக்கு வந்தார். எந்த ஆலயம் என்பது இங்கே தேவையில்லை. கை கால் கழுவி, சாரத்தை நன்றாக இறக்கிவிட்டு வாசலில் நின்றவரை, “வீட்டுக்குப் போய் மாத்திக்கிட்டு வாரும்” என்று ஒருவர் திருப்பிவிட்டார். வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. உள்ளே தகப்பனார் பெயர் வாசிக்கப்பட்டதை மாமா தெருவில் நின்றே கேட்டார். அன்று முதல் எந்தத் திருநாளானாலும் அவர் வெளிவாசலைத் தாண்டுவதில்லை. “நமக்கு இது போதும்ல” என்கிறார். நல்ல உடையோடு வருபவனை முன்னே இருத்தி, கந்தல் கட்டியவனை ஓரமாக நிற்கச் சொல்வதைப் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்திருக்கிறார். உபாகமத்தை மனப்பாடம் செய்தவர்கள் அந்த அதிகாரத்தையும் ஒருமுறை புரட்டலாம்.

எனினும் எதிர்ப்பவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் கூறவில்லை. சந்நிதிக்குப் போகும்போது சுத்தமாக, அடக்கமாகப் போக வேண்டும் என்பது நல்ல எண்ணம். ஆனால் அந்த அடக்கம் நம் உடையிலேயே அடங்கியிருக்கிறது. சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பவன் பெரியவர் எதிரே வந்தால் சட்டென்று இறக்கிவிடுகிறான். கோயில் வாசலில் இறக்கிவிடுகிறான். சவ ஊர்வலம் கடந்தால் இறக்கிவிடுகிறான். இதை எவரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. தாய் தகப்பனிடம் கற்றது. காற்சட்டைக்காரன் இப்படி மரியாதை காட்ட வழியே இல்லை!

ஆகவே சமயத்தின் பெயரால் தடை சொல்பவருக்கு நாம் சொல்ல வேண்டிய மறுமொழியை இவ்வாறு வகுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஏளனம் கூடாது. பக்தியால் பேசுபவரைப் பழித்தால் அவர் பிடிவாதம் இறுகுமே தவிர, ஐயம் தீராது. இரண்டாவது, அவர் நூலையே அவரோடு அமர்ந்து, முன்னும் பின்னும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்றாவது, மானம் காக்க வேண்டும், பிறரை ஏமாற்ற வேடமிடக் கூடாது என்ற அறத்தை ஒப்புக்கொண்டு, அதை வேட்டியும் சாரமும் கில்ட்டும் மீறவில்லை என்று காட்ட வேண்டும். நான்காவது, ஒரே அளவுகோல் எல்லாருக்கும் வேண்டும். பட்டு வேட்டியை வரவேற்று, உப்புக் கறை படிந்த சாரத்தைத் தெருவில் நிறுத்தும் விதி சமய விதியாகாது.

முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு இக்கரையில் நின்றுபோயிற்று. அதுவரை, கடலில் இறங்கியவன் இடுப்பில் கட்டியிருந்தது சிறு துணிதான். அவன் எடுத்து வந்த முத்து மணிமுடியிலும் ஏறியது, மாதாவின் கழுத்திலும் ஏறியது. ‘இதை எடுத்தவன் என்ன உடுத்தியிருந்தான்?’ என்று எந்தச் சந்நிதியிலும் கேட்டுத் திருப்பியதில்லை. உழைத்தவன் காணிக்கைக்கு உள்ளே இடமுண்டென்றால், அவன் சாரத்துக்கும் உள்ளே இடம் வேண்டும். படித்த நாம், நம் ஊர் ஆலயத்தில், கோயிலில், பள்ளிவாசலில் இதை எடுத்துச் சொல்ல முன்வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.