அப்பாவுக்குப் பீடி வாங்கப் போகும் பையன்

சுருளிப்பட்டியில் ஒரு பெட்டிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் திராட்சைத் தோட்டம். சுருளி அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் அந்த வழியாகப் போகிறார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் ஓடி வருகிறான்.

"அண்ணே, அப்பா ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வரச் சொன்னாரு."

கடைக்காரர் கொடுக்கிறார். மிச்சக் காசுக்கு மிட்டாய்.

"இதில் என்ன தப்பு? பையனா குடிக்கப் போகிறான்?" என்று கேட்பீர்கள்.

தப்புதான்! 18 வயது நிரம்பாதவருக்குப் பீடி, சிகரெட், புகையிலை விற்கக்கூடாது என்கிறது 2003-ம் ஆண்டுச் சட்டம். யாருக்காக வாங்குகிறான் என்று அது கேட்பதில்லை. "பெரிய பையன் என்று நினைத்தேன்" என்று கடைக்காரர் தப்பவும் முடியாது. வாங்கியவர் சிறுவர் அல்ல என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பனையே கூடாது. அதாவது சுமார் 91 மீட்டர். மதில் சுவரிலிருந்து அளக்க வேண்டும், வாசலிலிருந்து அல்ல. ஆகவே பின்பக்கத்துச் சந்துக் கடையும் மாட்டும். சின்ன ஊர்களில் பாதிக் கடைத்தெருவே இதற்குள் அடங்கிவிடும்!

200 ரூபாயா, 7 ஆண்டா?

மீறினால் என்ன தண்டனை? 200 ரூபாய் வரை அபராதம். அவ்வளவுதான்.

ஆனால் 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல். 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஒன்று கொசுக்கடி. மற்றொன்று இடி. 200 ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? தெரிந்த கடைக்காரரை 7 ஆண்டு உள்ளே தள்ள யாருக்கு மனம் வரும்? கடையைச் சில நாள் பூட்டி வைப்பது போல நடுத்தரமான தண்டனை இருந்தால் பலன் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

சிகரெட் பெட்டியில் 85 சதவிகித இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்பது 2016-ல் வந்த விதி. பையன்கள் பெட்டியாகவா வாங்குகிறார்கள்? ஒற்றைச் சிகரெட் வாங்குகிறார்கள். படம் கடையிலேயே தங்கிவிடுகிறது.

13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 100-க்கு 8 பேருக்கு மேல் புகையிலை உபயோகிக்கிறார்கள் என்று 2019-ல் நடந்த அகில இந்தியக் கணக்கெடுப்பு சொன்னது.

மாலத்தீவு ஒரேயடியாக அடித்துவிட்டது. 2007 ஜனவரி 1-ந் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு ஆயுள் முழுவதும் புகையிலை கிடையாது. 2025 நவம்பர் முதல் இது அமலில் இருக்கிறது. நியூசிலாந்தும் 2022-ல் இப்படி ஒரு சட்டம் செய்து, 2024-ல் வாபஸ் வாங்கிக்கொண்டது.

நம் சுருளிப்பட்டிப் பையனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. "அப்பாவை வரச் சொல்லு, தம்பி" என்று கடைக்காரர் சொன்னால் போதும். வியாபாரமும் கெடாது. அப்பா எப்படியும் வருவார்.